மல்லாட்டை இன்றும் சாப்பிடவில்லை

செப்டம்பர் 28, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் நேராகத் திண்டிவனம் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பிராணிகள் காப்பகத்தில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை வேலைதான். தட்டு கழுவினேன், நாய்களுக்குச் சோறு பிசைந்தேன், ஈரச் சாக்குகளை வெயிலில் போட்டேன்.

பூனைகள் பக்கம் கடைசிக் கூண்டில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. வேர்க்கடலைத் தோல் நிறம். காப்பகம் நடத்துகிற புனிதா, இந்தப் பக்கம் வேர்க்கடலையைச் சொல்கிற மாதிரியே, அதற்கு மல்லாட்டை என்று பேர் வைத்திருக்கிறாள். குட்டியிலிருந்து ஒரே வீட்டில் வளர்ந்ததாம். அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாடு போய்விட்டது. இப்போது அதற்கும் நாய்களுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். ஒரு நாய் ஆரம்பித்தால் எல்லாம் குரைக்கும். அப்போதெல்லாம் அதன் முதுகுத் தோல் மட்டும் தனியாக நடுங்குகிறது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நக்கி நக்கி வயிற்றில் முடியே இல்லை.

"துன்ன மாட்டேங்குதுக்கா. கரைச்சு சிரிஞ்சில ஊத்தறேன். பாதிய துப்பிடுது" என்றாள் புனிதா.

ஒரு துண்டு மீனை நீட்டினேன். மீனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பயந்த பிராணி சீறும், பிறாண்டும் என்று நினைத்திருந்தேன். இது சீறக்கூட இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

புனிதா போன் செய்தாள். டாக்டர் வந்து பார்த்தாராம். நோய் எதுவும் இல்லை, பயம்தான் என்றாராம். பூனை இப்படிப் பட்டினி கிடந்தால் கல்லீரல் கெட்டுவிடும், சத்தமில்லாத வீடாகப் பார்த்துச் சீக்கிரம் அனுப்புங்கள், தீபாவளி வெடியை இங்கே இது தாங்காது — இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பயத்தாலேயே ஒரு உயிர் போகுமா? ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். "டீச்சர், அடுத்த வரி?" என்று பிள்ளைகள் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. யாரையும் கேட்காமல் போய் அதை எங்கள் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் இரண்டே பேர், நாய் இல்லை, டிவி கூட அதிகம் கிடையாது. இதைவிட அமைதியான வீடு விழுப்புரத்தில் எங்கே இருக்கிறது என்று நினைத்தேன்.

ரயிலை மறந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்புறமே தண்டவாளம். கல்யாணமாகி இங்கே வந்து சில மாதங்களிலேயே ரயில் சத்தம் என் காதில் விழாமல் போய்விட்டது. இன்று அத்தனை வண்டிகளும் கேட்டன. கூட்ஸ் வண்டி போனபோது பீரோ அதிர்ந்தது, பீரோவுக்குப் பின்னால் பூனை அதிர்ந்தது. வண்டி போன பிறகும் பூனையின் நடுக்கம் நிற்கவில்லை.

பாக்கியராஜ் டியூட்டி முடிந்து வந்து எட்டிப் பார்த்தார். "நீ ஒருத்தி பயந்துக்கினு இருக்கறது பத்தலன்னு ஜோடி வேற சேத்துக்கிட்டியா மேரி?"

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன் மணி அடித்தாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று எடுக்கிறவள் நான். அவர் வர அரை மணி தாமதமானால் மனசு எங்கெங்கோ போய்விட்டு வரும். பீரோ இடுக்கில் தெரிந்த அந்த இரண்டு கண்களும் எனக்கு ரொம்பத் தெரிந்தவைபோல இருந்தன.

அக்டோபர் 4, சனி

சங்கவி வந்து வாங்கிக்கொண்டு போனாள். என் பழைய மாணவி, பூனை என்றால் உயிர். ஊருக்கு வெளியே புது நகரில் தனி வீடு. ரயில் இல்லை. கூடையைத் தூக்கும்போதே "செல்லம், தங்கம்" என்று கொஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

அப்பாடா.

அக்டோபர் 7, செவ்வாய்

அப்பாடா என்று எழுதியிருக்கவே கூடாது.

சங்கவி அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கழுத்தில் மணி கட்டியிருக்கிறாள். அது நகர்ந்தால் மணி அடிக்கிறது, மணி அடித்தால் அது பயந்து ஓடுகிறது, ஓடினால் இன்னும் அடிக்கிறது. மடியில் வைத்து வீடியோ எடுத்திருக்கிறாள். பார்க்க வந்த தோழிகள் ஆளுக்கொரு முறை தூக்கியிருக்கிறார்கள். கடைசியில் அவள் கையைக் கடித்துவிட்டு பாத்ரூம் பரணில் ஏறிக்கொண்டது.

"நான் அவ்ளோ ஆசையா பாத்துக்கிட்டேன் டீச்சர். அதுக்கு என்னைப் புடிக்கல."

அவளைத் தேற்றி அனுப்பிவிட்டு மணியை அவிழ்த்தேன். கையில் எலும்புதான் பட்டது. மறுபடியும் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது, சிரிஞ்சில் நானே ஊட்டுகிறேன். டாக்டரிடம் நானே பேசினேன். இன்னும் ஒரு தடவைதான் இடம் மாற்றலாம், அதற்கு மேல் தாங்காது என்றார்.

ஒரு தடவை. அதையும் நான் தப்பாகச் செய்துவிட்டால்?

அக்டோபர் 9, வியாழன்

மதியம் ஸ்டாஃப் ரூமில் கிருஷ்ணவேணி டீச்சர் சொன்னாள்: "எங்க தெருவுல கொண்டாந்து வுடுங்க. இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளியே கிடையாது."

எனக்குப் புரியவில்லை. ஒலக்கூர் பக்கம் அவள் ஊர். அவளுடைய சித்தப்பா சுப்பராயலு ஆடி மாதம் இறந்துபோனார். அவள் தெரு முழுக்கப் பங்காளிகள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அத்தனை பங்காளி வீட்டுக்கும் அந்த வருஷம் பண்டிகை இல்லையாம். வெடி இல்லை, மத்தாப்பு கூட இல்லை. ஆசைப்படுகிற பிள்ளைகளைத் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஊரின் மற்ற தெருக்களில் வெடித்தாலும் தூரம்.

"சித்தி வூட்லயே வுட்டுடலாம். தனியாத்தான் இருக்காங்க. சித்தப்பா போனதுலேருந்து அடுப்பு கூட சரியா மூட்டறதில்ல. கேப்பைக் கூழ கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்துக்கறாங்க. நாம எதனா குடுத்துட்டு எதிர்ல நின்னா, அதையும் தொட மாட்டாங்க."

எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் இப்படிப் பங்காளிக் கணக்கெல்லாம் இல்லை. ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டு இருக்கும் என்று கேட்டதும் முதலில் சந்தோஷம். வீட்டுக்கு வருகிற வழியில் பயம். சாகப்போகிற பூனையை, புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவதா? அங்கே போய் அது செத்துப்போனால் அந்த அம்மா என்ன ஆவார்கள்?

அக்டோபர் 11, சனி

விட்டுவிட்டு வந்துவிட்டேன். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

கிருஷ்ணவேணியின் சித்தி அஞ்சம்மாள் வாசலில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கூடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எலி புடிக்குமா?"

"இப்போதைக்கு இல்லைங்க."

"பால் குடிக்குமா?"

"அதுவும் சரியா இல்லைங்க."

"பின்ன இன்னாதான் பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது சித்தி. ஒரு மூலையில சும்மா குந்திக்கினு இருக்கும்" என்றாள் கிருஷ்ணவேணி.

"அதுக்குத்தான் இந்த வூட்ல நான் ஒருத்தி இருக்கறனே."

கிருஷ்ணவேணி சிரித்துவிட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. உள்ளே கையைக் காட்டினார்கள். உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் கூடையைத் திறந்து வைத்தேன். மல்லாட்டை வெளியே வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. என்ன கொடுக்கணும், எப்படிக் கொடுக்கணும், எதைச் செய்யக்கூடாது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன்.

"கொயந்தையவா வுட்டுட்டுப் போற? ஜல்தியா கெளம்பும்மா, பஸ்ஸு பூடும்."

அதே தெருவில்தான் கிருஷ்ணவேணி வீடு. பள்ளிக்குக் கிளம்பும் முன்பும் திரும்பி வந்த பிறகும் சிரிஞ்சில் ஊட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 13, திங்கள்

கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறதாம். நாய்ச் சத்தம் இல்லை, ரயில் இல்லை, கொஞ்ச ஆளில்லை. ஆனாலும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

உள்ளறைப் பரணில் ஏறிவிட்டது. பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால். கிருஷ்ணவேணி ஏணி போட்டு ஏறியிருக்கிறாள், கை எட்டவில்லை. குச்சியால் தள்ளப் பார்த்ததற்கு அஞ்சம்மாள் கத்தினார்களாம்: "அத ஏன் தொரத்திக்கினே இருக்கறீங்க? எறங்குடி மொதல்ல."

அப்படியானால் சிரிஞ்சும் இல்லை. இனி ஒன்றும் உள்ளே போகாது. பள்ளியில் கிருஷ்ணவேணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளையும் பயமுறுத்திவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

போய்த் தூக்கி வந்துவிடலாமா? எங்கே கொண்டுபோவது — காப்பகத்துக்கா, பீரோவுக்குப் பின்னாலா? டாக்டர் போனில் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு காலையிலிருந்து காதிலேயே இருக்கிறது.

பாக்கியராஜ், "இருக்கற எடத்துல கொஞ்சம் இருக்க வுடு மேரி" என்றார்.

நான் யோசிப்பது பூனையை மட்டுமா? பரணில் ஒரு நாள் நாற்றம் அடிக்கும். அந்த அம்மா தனியாக நின்று மேலே பார்ப்பார்கள். கொண்டுவந்து வைத்தது நான். இதை எப்படிச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வார்த்தை கூடத் தேடிவிட்டேன். இன்னும் அது சாகவே இல்லை. என்ன மனுஷி நான்!

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடிவதற்கு முன்பே எங்கள் தெருவில் ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஒலக்கூர்ப் பக்கம் மனசு போனது. கிருஷ்ணவேணியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த அதிரசத்தை வாங்கி வைத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன். முடிந்துவிட்டது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எடுக்காமல் இருக்கிறாள் — அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள். "டீச்சர், இங்க ஒரே பேஜாராப் போச்சு."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

பண்டிகை இல்லாவிட்டாலும் இறந்தவருக்குப் படையல் உண்டாம். சித்தப்பாவுக்குப் பிடிக்கும் என்று ஏரிக் கெண்டை வறுத்து, முட்டை அவித்து, குழம்பு வைத்து, உள்ளறையில் அவர் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டிருக்கிறார்கள். கற்பூரம் காட்டிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். போனவர் வந்து சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. தெருவே முருங்கை மரத்தடியில் மூச்சுக் காட்டாமல் நின்றிருக்கிறது.

கதவைத் திறந்தால் இலையில் மீன் முள்தான் இருக்கிறது. முட்டையில் பாதி இல்லை. இலைக்கு எதிரில் மல்லாட்டை உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கிறது!

"எங்க பெரியப்பா இல்ல, நடராசன் — அவுரு கழிய எடுத்துக்கினு வந்துட்டாரு டீச்சர். படையல்ல வாய வச்சிடுச்சே, குடும்பத்துக்கே ஆவாதுன்னு ஒரே சத்தம்."

"அஞ்சம்மா என்ன சொன்னாங்க?"

"கதவுக்குக் குறுக்கால நின்னுட்டாங்க. 'அவுருக்கு வச்சது. அவுரு யாருக்குக் குடுத்தா உனக்கு இன்னா மாமா? காக்கா வந்து கொத்தினா மட்டும் கையெடுத்துக் கும்புடறியே'ன்னு கேட்டாங்க. பெரியப்பா கழிய எடுத்துக்கினு திரும்பிப் பூட்டாரு."

டாக்டருக்குப் போன் செய்தேன். வறுத்த மீன், காரம், உப்பு என்று நான் அடுக்க அடுக்க அவர் சிரித்தார். "தின்னுச்சு இல்ல? முள்ளு தொண்டையில மாட்டலன்னா போதும், வுடுங்கம்மா."

சந்தோஷப்படப் பயமாக இருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாடுதானே. பெரியப்பா மறுபடி கழியோடு வரமாட்டார் என்று யார் சொன்னது?

அக்டோபர் 21, செவ்வாய்

இன்று திரும்பவும் பட்டினி. தட்டை வைத்துவிட்டுக் கிருஷ்ணவேணி பக்கத்திலேயே காத்திருந்தாளாம். இறங்கவே இல்லை.

அக்டோபர் 22, புதன்

நல்ல மழை. பள்ளி விடுமுறை. கிருஷ்ணவேணி போனை எடுக்கவில்லை. நானும் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடவில்லை. இதற்கே நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

அஞ்சம்மாள் கிருஷ்ணவேணியை வீட்டைவிட்டே துரத்திவிட்டார்களாம். "நீங்கள்லாம் பாத்துக்கினு இருந்தா அது எப்பிடிடீ துன்னும்?" தட்டில் மீனும் சோறும் வைத்து, படையல் போட்ட அதே இடத்தில், அதே போலக் கதவைச் சாத்திவிட்டு, மழைத்தூறலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்துகொண்டார்களாம்.

தட்டு காலி.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் அணைந்து அணைந்து போனது. பாக்கியராஜ் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றார். அம்மாவிடம் எதையெதையோ வேண்டிக்கொண்டேன். பூனையையும் சேர்த்துத்தான்.

தினமும் தட்டு காலியாகிறது என்று கிருஷ்ணவேணி சொல்வதை நம்பலாமா? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாளோ? போய்ப் பார்க்கவும் பயம். நான் போய் நின்று அது மறுபடி பரண் ஏறிவிட்டால்?

நவம்பர் 16, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

தெருமுனையிலேயே நடராசன் எதிரில் வந்தார். "பூனைக்கார டீச்சரா? போங்க போங்க, மகாராணி சாப்புடற நேரம்." குரலில் கோபம் இல்லை.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. முருங்கை மரத்தடியில் அஞ்சம்மாள். நான் வாயைத் திறக்கும் முன்பே விரலை உதட்டில் வைத்து, பக்கத்தில் இருந்த கல்லைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன். அவர்கள் மடியிலும் ஒரு தட்டு இருந்தது. சோறு, கெண்டைக் குழம்பு. எதிரில் பார்த்தால் தொட மாட்டார்களே என்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

உள்ளே தட்டு தரையில் நகர்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் அவர்கள் மென்று விழுங்குகிற சத்தமும் கேட்டது. நடுவில் தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. நான் திரும்பிப் போக வேண்டிய பஸ்தான். நான் எழுந்திருக்கவில்லை.