மழைச் செய்தியை மறித்த கை

அன்பு அண்ணா,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகப் போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை, உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். நேற்று நடந்த கூத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆரணிக்கு ரேடியோ ஸ்டேஷன் கொண்டுவந்தது யார் தெரியுமா? மாசிலாமணி முதலாளியாம். புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். நம் ஸ்டேஷன் கடைசியாக இருந்த அவருடைய பழைய கட்டடத்தை இடித்துத்தான் கட்டினார். வாசலில் கருப்புக் கல்லில் தங்க எழுத்து: ‘ஆரணி மக்கள் வானொலியை நிறுவிய வள்ளல்’. லைசென்ஸே இல்லாத ஸ்டேஷனுக்குக் கல்வெட்டு வைத்த ஊர் இந்த உலகத்தில் நம் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். டிரான்சிஸ்டரில் பேட்டரியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று தெரியாத மனிதர், அண்ணா. முதல்முதலாக உன் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்து, “இதுல பாட்டு எந்த ஓட்டை வழியா வருது?” என்று கேட்டவர்.

உன் ரேடியோ ரிப்பேர் கடையில், பழைய செட்டுகளில் கழற்றிய வால்வுகளை வைத்து நீ அதைக் கட்டினாய். தென்னை மரத்திலிருந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிவரை ஏரியல் கம்பி. மீடியம் வேவில் முள்ளை ஒரு ஓரத்துக்குத் தள்ளினால் நம் குரல் கேட்கும். நான் மைக்கில் பேசிக்கொண்டே இருப்பேன். நீ சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து எதுவரை எட்டுகிறது என்று பார்ப்பாய். சாயங்காலம் மட்டும்தான் ஒலிபரப்பு. நாம் சமணர்கள், பொழுது சாய்வதற்குள் நம் வீட்டில் சாப்பிட்டாக வேண்டுமே, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே மூடிவிடுவோம். அதற்கும் கிண்டல் செய்தார்கள்.

பாட்டுக்காகவா ஜனங்கள் நம்மைக் கேட்டார்கள்? மழைக்காகக் கேட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் தறிக்காரர்கள் தெருவின் நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூலை, இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் மழை வந்தால் சாயம் ஒன்றில் ஒன்று இறங்கி, கஞ்சி கரைந்து, எல்லாம் ஒட்டிக்கொள்ளும். நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். மழை மேற்கிலிருந்து வந்தால் களம்பூரைத் தாண்டித்தான் வரும். அங்கே ரைஸ் மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் காயப்போட்டிருப்பார்கள், வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மில் கணக்கர் துரை உன் சிநேகிதர். அங்கே தூறல் விழுந்ததும் அவர் போன் செய்வார், நான் மைக்கில் சொல்வேன், இங்கே பாவைச் சுருட்டிவிடுவார்கள்.

நம் கடையில் போன் ஏது? அதற்காகத்தான் நீ முதலாளியிடம் போனாய். தறிக்காரர்கள் பாதிப் பேருக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து வேலை வாங்குகிறவர் அவர். ஸ்டேஷனையே தன் கட்டடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்றார். வாங்கிக்கொண்டது லைசென்ஸை அல்ல, மைக்கை. உழைப்பின் பெருமை பற்றி மனிதர் தினமும் பேசினார். தறிக்குழியில் ஒரு நாளாவது கால் விட்டு உட்கார்ந்திருப்பாரா? அவர் பேசும் நேரத்தில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள் என்று பார்த்தால், அதுவும் இல்லை. மழைச் செய்தி எப்போது வருமோ என்று அந்த வாய்ப்பந்தலையும் சேர்த்துக் கேட்டுத் தொலைத்தார்கள்.

அந்த ஆவணி மாதத்து நாள் உனக்கு மறந்திருக்காது. சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதரைக் கூட்டிவந்து மைக் முன்னால் உட்கார வைத்திருந்தார். அவரைக் குளிரவைத்தால் ஏதோ ஒரு பதவி கிடைக்கும் என்ற கணக்கு. பக்கத்து அறையில் போன் அடித்தது.

“இன்னாம்மா, இங்க ஊத்துது. நெல்லை வாரிகினு கீறோம். ஜல்தி சொல்லும்மா!” என்றார் துரை.

நான் ஓடிவந்து வாசற்படியிலிருந்தே “மழை” என்று வாயெடுத்தேன். முதலாளி மோதிரக் கையால் மைக்கை அப்படியே பொத்தினார். “பெரிய மனுஷன் பேசிகினு கீறாரு, கண்ணு தெரியல? கம்முனு இரு!” என்றார். காதில் ஹெட்போனோடு மெஷின் அருகில் உட்கார்ந்திருந்த நீ, “மொதலாளி, ஒரே ஒரு வார்த்தைங்க” என்று எழுந்தாய். அவர் முறைத்தார். நீ உட்கார்ந்துவிட்டாய்.

மூன்று தெருப் பாவும் நனைந்து போயிற்று. மெக்கானிக் தூங்கிவிட்டான் என்று மறுநாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார் முதலாளி. அதைவிடக் கேவலம், நீ வீடுவீடாகப் போய், “என் தப்புதாங்க” என்று கும்பிட்டது. முதல் வீட்டோடு நான் திரும்பி வந்துவிட்டேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று எத்தனையோ தடவை கேட்டேன். நீ வாயே திறக்கவில்லை. ஸ்டேஷனை மூடினார்கள். அதன் பிறகு ரிப்பேருக்கு ஒரு செட்டும் வரவில்லை. நீ செய்யாறு கம்பெனி பஸ் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போனாய். பாவு நனைத்தவன் என்ற பெயரோடுதான் செத்தும் போனாய்.

நேற்று மண்டபத் திறப்பு விழாவில் என்னை மேடையில் ஏற்றினார்கள், முதல் அறிவிப்பாளராம். இரண்டு வார்த்தை முதலாளியைப் புகழ்ந்து பேச வேண்டுமாம். மைக்கை வாங்கிக்கொண்டேன். “அந்த ஸ்டேஷனைக் கட்டினவர் எங்க அண்ணன் ஜெயபால். அன்னிக்கு மழைன்னு சொல்ல விடாம மைக்கைப் பொத்தினது இதோ உக்காந்துகினு கீறாரே, இவரு” என்றேன்.

ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை, அண்ணா. தலையைக் குனிந்துகொண்டார்கள். முதலாளி சிரித்தார். “பாவம், அண்ணன் போன துக்கம்” என்றார். நாதஸ்வரத்தை ஊதச் சொன்னார்.

வெளியே வந்தபோது முனியம்மாள் கையைப் பிடித்தாள். பெரிய தெருவில் தறி போட்டிருக்கிறாளே, அவள்தான்.

“நீ இப்ப சொல்ற. எங்களுக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு.”

“எப்படி?”

“ரேடியோவுலதான் கேட்டுச்சே. அந்தாளு மைக்கைப் பொத்திகினா எங்களுக்குக் கேக்காதுன்னு நெனைச்சிகினாரு. ‘கம்முனு இரு’ன்னு அவரு கத்துனது தெருவெல்லாம் கேட்டுச்சு. எதுக்குக் கத்துறாருன்னு மழை விழுந்தப்புறம்தான் புரிஞ்சுது.”

“அப்புறம் எங்க அண்ணன் கும்பிட்டப்போ ஏன் சும்மா இருந்தீங்க?”

“நான் கேட்டேம்மா. ‘ஏம்பா, உம்மேல இழுத்துப் போட்டுக்கினு திரியற?’ன்னேன். ‘நான் இல்லன்னு சொன்னா, நீங்க யாராச்சும் எனக்காகப் பேச வேண்டி வரும்கா. பேசினா நாளைக்கு உங்களுக்குப் மொதலாளி பட்டு குடுக்க மாட்டாரு’ன்னிச்சு உங்க அண்ணன்.”

ஹெட்போன் உன் காதில்தான் இருந்தது. அந்தக் குரல் வெளியே போனது உனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பதும் தெரியும். தெரிந்தும் கும்பிட்டாய். தெரிந்தும் அந்தக் கும்பிடை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். சரி, முதலாளிக்கு முன்னால் பயம். பஸ் ஸ்டாண்டில் நீ தூக்குச்சட்டியோடு தனியாக நின்ற அத்தனை வருஷத்தில், பக்கத்தில் வந்து “எங்களுக்குத் தெரியும்பா” என்று காதோடு சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லையா? முதலாளி அற்பம் என்பது எனக்குப் பழைய செய்தி. இவர்களை என்ன சொல்ல?

உன்னைக் கோழை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் அது முழுசாகப் போய்விடவில்லை. இந்த ஜனங்களுக்கா உன் மானத்தைக் கொடுத்தாய்?

அவர்களை விட்டுவிடு என்று நீ சொல்வாய். விடமாட்டேன். இனி அந்த மண்டபத்தில் யார் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் போவேன். கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் உன் பெயரைச் சொல்வேன். “தெரியும்மா” என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லும்வரை சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கனகா