எண்ணெய் குடித்த பிரேக்

கார்த்திகை 9, திங்.
விடியமுதல் மழை. இதனால் சகலருக்கும் அறியத்தருவது: இங்கே எழுதப்போவதை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவரும் நம்பார். நம்பத் தேவையுமில்லை. வாசிப்பவன் நான் ஒருவனே.

ஒஸ்ரின் காரின் முன்சில்லு இரண்டையும் கழற்றியாயிற்று. உப்புத் துருவில் பிரேக் ட்றம் இறுகிப்போய், நான் சுத்தியலால் அடித்த அடி இராமேஸ்வரத்தில் பூசைமணியாகக் கேட்டிருக்கும். உள்ளே ட்றம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் தேய்ந்து செப்பு ரிவிற்றுகள் பல்லைக் காட்டுகின்றன. ட்றம் முழுக்கக் கீறல். பிரேக்கை மிதித்தால் கார் யோசித்துத்தான் நிற்கும்.

வெள்ளி காலை மனைவி கனகத்தைப் பெரியாஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வயிற்றில் கட்டி. சனி ஒப்பரேசன். பஸ் குலுக்கம் அவளுக்கு ஏலாது. புங்குடுதீவின் மற்றக் கார்களும் லைனிங் இல்லாமல் கட்டையில் ஏறி நிற்கின்றன. சாமான் இறக்குமதி இல்லை.

கார்த்திகை 11, புத.
வாடைக்காற்று. கொழும்பிலிருந்து சகலன் அனுப்பிய பொதி வந்தது. பேக்கரியில் பாணுக்கே வரிசை நிற்கும் காலத்தில் லைனிங்! கூறைச்சேலை போல இரு கையாலும் ஏந்தினேன். பழையதை வெட்டி எறிந்து, புதியதைப் பிரேக் சூவில் பொருத்தி ரிவிற் அடித்தேன். கனகத்தின் தம்பி ராசன் உதவி. ஸ்பிரிங் ஒன்று பறந்துபோய்ச் சந்திரனில் பட்டுத் திரும்பியது.

கனகம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அரைக்கோப்பை கஞ்சி, அதுவும் மிச்சம்.

“இஞ்சாருங்கோ, இனி நிக்குமோ?”

“யமனைக் கண்டாலும் அஞ்சு அடி தள்ளி நிக்கும்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன். என்ன வாய் இது.

கார்த்திகை 12, வியா.
தூறல். காரை ஓடிப் பார்த்தேன். மிதித்தேன். நிற்கவில்லை. வேலியைப் பிரித்து, மாட்டுக் கொட்டிலுக்குள் புகுந்து, வைக்கோற்போரில் முட்டி நின்றது. கழற்றினால் புது லைனிங் முழுதும் தேங்காயெண்ணெய்.

“ஆரடா இதுக்கு எண்ணெய் விட்டது?”

“நான்தான் அத்தான். உப்புக் காத்தெல்லோ. இரவு ட்றம்முக்கு உள்ளையும் வடிவாப் பூசினனான்.”

எதைச் சொல்லி ஏச? கதவுக் கொண்டி, சைக்கிள் சங்கிலி, வள்ளத்து எஞ்சின், இந்தத் தீவில் இரும்பென்று கண்டால் எண்ணெய் பூசாத கை எது? அக்காவுக்காகப் பார்த்துப் பார்த்துப் பூசியிருக்கிறான்.

பெற்றோலில் கழுவினேன். அரத்தாளால் உரசினேன். நெருப்பில் வாட்டினேன். வாட்ட வாட்டக் கசிகிறது. வேறு லைனிங் இல்லை. பின்சில்லுப் பிரேக் கிழடு, கைப்பிரேக் பேருக்கு. காருக்குப் பின்னால் போய் நிலத்தில் குந்தியிருந்தேன். கனகம் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

“நிக்காட்டிப் பரவாயில்லை. ஓடினாக் காணும்.”

கார்த்திகை 13, வெள்.
முதல் கியரில் ராசபவனி. பின்சீற்றில் ராசன், மடியில் பெரிய கல். பாலத்தில் கடல் ஏறிக் கிடந்தது. இருமருங்கும் திமிங்கிலங்கள் அணிவகுத்து மரியாதை செய்தன. மண்கும்பானில் குறுக்கே வந்த மாடு, பிரேக் இல்லையென்று அறிந்து மன்னிப்புக் கேட்டு விலகியது. ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்கவில்லை. நகரை மூன்று முறை வலம் வந்தோம். பிறகு ராசன் குதித்துச் சில்லுக்குக் கல் வைத்தான்.

கனகத்துக்கு ஜன்னலோரக் கட்டில்.

கார்த்திகை 15, ஞாயி.
மழை விட்டுவிட்டது. நேற்று வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டார்களாம்.

“பரவிப்போச்சு. காயம் ஆறினாப்போலை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. விருப்பமானதைக் குடுங்கோ” என்றார் டொக்டர்.

ராசன் லைனிங்கை மறுபடி வாட்டி, உரசிப் பூட்டியிருக்கிறான். என் முகத்தைப் பார்க்கிறானில்லை. பிரேக் இப்போது பிடிக்கிறது. தொட்டால் நிற்கிறது.

வெள்ளிக்கிழமைப் பயணம். திமிங்கிலம் புளுகு. மாடு புளுகு. நகர்வலமும் புளுகு, வாசலைத் தாண்டிக் கொஞ்சத் தூரம்தான் உருண்டோம். அப்போது கனகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “இனியென்ன, அப்பிடியே வீட்டுக்குக் காரை விடுங்கோ” என்று சொல்லிச் சிரித்தாள்.

அது மட்டும் உண்மை.