பல் லேசர் கம்பெனியில் உனக்கொரு பதவி

அன்பான செல்வம் மச்சான்,

உனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. உயிரோடு இருந்தவரை பீடோருக்கும் ஆயர் தாவாருக்கும் மோட்டார் சைக்கிளில் அலைந்து, பல் கிளினிக் நாற்காலிகளைப் பழுது பார்த்தாய். செத்து எட்டு மாதத்தில் ஒரு பல் லேசர் கம்பெனிக்குத் தொழில்நுட்ப ஆலோசகர் ஆகிவிட்டாய். பேனரில் உன் படம், கழுத்தில் டை. உனக்கு ஏது டை? கணினியில் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

படத்தைக் கொடுத்தவன் நான்தான். நினைவஞ்சலிக்கு என்று கேட்டார்கள், கொடுத்தேன். திட்டி முடித்துவிட்டு மீதியைக் கேள்.

போன வாரம் ஈப்போவில் அந்தக் கம்பெனியின் விருந்து. நம் பழைய தோட்டத்துச் சனமெல்லாம் வந்திருந்தது. கம்பெனிக்குப் பங்கு விற்கும் பிரபா நம் கங்காணியின் பேரன். 'நம்ம தோட்டத்து ஆளு' என்று ஒருவன் சொல்லிவிட்டால் நமக்குக் கேள்வி கேட்க வாய் வராதே! நிகழ்ச்சி நடத்த என்னைப் பிடித்தார்கள். கல்யாணமோ கருமாதியோ, எனக்கு மைக் கிடைத்தால் போதாதா?

மேடையில் லேசர் இயந்திரம். நம் தோட்டத்து மாரி அண்ணன் மேலே ஏறி வாயைத் திறந்தார். நீல ஒளி ஈறில் பட்டது.

"வலிக்கவே இல்ல லா!" என்று அவர் கத்தினார்.

"மாரியண்ணே பல்லக் காட்டிட்டாரு. பங்கு வாங்காதவன் பல்லு இன்னைக்கே கொட்டிரும்!" என்றேன் நான்.

மண்டபமே சிரித்தது. சிரித்த கையோடு வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது.

எல்லாரும் சாப்பிடப் போன நேரம், சும்மா மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். காலால் மிதிக்காமல் பல் லேசர் எரியாது என்று நீதானே கோப்பெங் கிளினிக்கில் வைத்துக் காட்டினாய்? மிதிகட்டை இருந்தது. அதன் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது எங்கும் போகவில்லை. நுனியைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். நீல ஒளி வெறும் டார்ச் விளக்கு. வலிக்க அங்கே என்ன இருந்தது?

நிமிர்ந்தால் பிரபா. கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்னண்ணே தேடுறீங்க?" என்று துணியை மெதுவாக இழுத்துவிட்டான். "சனிக்கிழம பீடோர் விருந்துக்கு வாரீங்கதானே? செல்வம் அண்ணன் வீட்டுக்காரம்மாவும் வாராங்க. அவங்க கையெழுத்துப் போட்டா மத்தவங்க தானா போடுவாங்க."

உன் வசந்தாவிடம் ஓடினேன். உன் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்து வைத்திருக்கிறாள், மச்சான்.

"போடாத தங்கச்சி. அது பொம்ம மெஷினு."

விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரு போனதுலேருந்து என்னைச் சிரிக்க வைக்கிறது நீங்க ஒருத்தர்தாண்ணே."

சத்தியம் பண்ணினேன். இன்னும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுப் பெரிய வேலையில இருந்திருக்காரு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க" என்றாள்.

இத்தனை மாதம் கழித்து உன்னைப் பற்றி அவளுக்குப் புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது. அதை எப்படிப் பிடுங்குவேன்?

மாரி அண்ணனிடமும் சொன்னேன். "மைக் இல்லாம ஜோக் அடிக்காதடா" என்றார். இன்று காலை பிரபா புதிய பேனரை அனுப்பினான். உன் படத்தை ஒட்டி என் படம். செத்தவன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருக்கிறானே, இது வரவேற்பா, எச்சரிக்கையா?

நாளை விடிந்ததும் போலீஸ் நிலையம் போகிறேன். புகாரில், சனத்தை ஏமாற்றியவர்கள் பட்டியலின் முதல் வரியில் என் பெயரே இருக்கட்டும். சனிக்கிழமை அந்த வயரின் நுனியை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டுவேன். கட்டாயம் சிரிப்பார்கள். நாற்பது வருடமாக நான் பழக்கிய சனமாயிற்றே. நான் சிரிக்காமல் வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் திட்டினாலும், உன் மேல் கோபித்து அழுதாலும், அந்தக் கை கையெழுத்துப் போடாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வீட்டுக்காரிக்கு அண்ணன்,
உனக்கு மச்சான்,
ராஜு