எல்லா நாளும் லீவு நாள்

18.11.2008, செவ்வாய்

காலையில் இவரைக் கூட்டிக்கொண்டு பொன்னேரி டாக்டரிடம் போனேன். ஆஸ்துமாவுக்கு, மூச்சை அளக்க அவர் கொடுத்த குழாயில் இவர் தினமும் இரண்டு வேளை ஊதுகிறார். முள் நிற்கும் எண்ணை நான் நோட்டில் எழுதி வைக்கிறேன். டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

"வாரத்துல ஒரு நாள் மட்டும் நல்லா ஏறுதே, அன்னிக்கு என்னம்மா பண்றார்?"

"அன்னிக்கு கரண்ட் இல்லன்னு கம்பெனி லீவு சார்."

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலையில் இவருக்கு வேலை. வேறு வேலை பார்க்கச் சொன்னார் டாக்டர். வாயால் சொல்லிவிட்டால் ஆயிற்றா?

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் கத்தினார்.

"உன்ன யாரு அத்தெல்லாம் எழுதச் சொன்னது? மூச்சு வாங்குறத பாத்துட்டு, நாளைக்கு அந்த நோட்ட எத்துக்கினு வான்றான் கான்ட்ராக்டரு. பாத்தான்னா ஊட்லயே இருன்னுடுவான்."

சாயங்காலம் புது நோட்டு ஒன்று வாங்கி வந்து என் முன்னால் போட்டார்.

"எல்லா நாளயும் லீவு நாளு மாதிரி எழுது."

இரண்டு மாதத்தையும் எழுதினேன். ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாதென்று பேனாவை மாற்றி மாற்றிக் கொடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். இன்றைய தேதிக்கும் லீவு நாள் போலவே 390 என்று போட்டேன்.

பிறகு பழக்கத்தில் குழாயை நீட்டினேன். இவர் வாங்கவில்லை.

"இன்னாத்துக்கு? அதான் எழுதிட்டியே."