அப்பா திறந்த ஐஸ்பெட்டி

அன்புள்ள அண்ணன் லியாண்டருக்கு,

நாங்கள் எல்லாரும் உயிரோடும் ஒரே கூரைக்குக் கீழும் இருக்கிறோம், நடுக்கடலில் உன் கப்பலும் நீயும் அப்படியே இருக்க அம்மா தினமும் மாதாவிடம் மெழுகுவத்தி கொளுத்தி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. சிப்பி உடைக்கும் கத்தி அவள் உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது, தையல் போட்டிருக்கிறார்கள், பயப்படாதே, நாக்குக்குக் காயம் இல்லை. "சொன்னதை மட்டும் எழுதுடி, உன் கோணங்கித்தனத்தை எல்லாம் அதுல சேக்காத" என்று பக்கத்தில் உட்கார்ந்து கண்டிக்கிறாள். அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, கண்ணாடி எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரியும், ஆகவே எழுதுகிறேன்.

இத்தனை மாதமாக நாங்கள் எழுதிய கடிதங்களில் எல்லாம் மழை, இறால் விலை, ஃபெர்னாண்ட் மாமாவின் மூட்டுவலி என்றே வந்திருக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லக்கூடாது என்று அப்பா தடுத்துவிட்டார். நேற்று நீதிமன்றத்தில் அது முடிந்தது, இனி மறைத்தால் எனக்கே கடல்நோய் வந்துவிடும் என்று அம்மா எழுதச் சொல்லிவிட்டாள். அப்பா சிறைக்குப் போக இருந்தார் அண்ணா. பத்து வருஷம் வரைக்கும் போட்டிருப்பார்கள்.

நீ கப்பலேறிய அடுத்த மாதம், நானும் அப்பாவும் படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு படகுத்துறையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். டிரெய்லரில் ஒரு பிரேக் விளக்கு எரியவில்லை, அன்றிலிருந்து எரிந்ததெல்லாம் அம்மாவின் வயிறுதான். பாலத்தைத் தாண்டியதும் ஷெரிஃப் வண்டி பின்னால் வந்து நிறுத்தச் சொன்னது. துணை ஷெரிஃப் ட்ரவிஸ் கிட்ரி, நம் ஊர்ப் பையன்தான், பள்ளியில் உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். "என்ன ஓவீட், வண்டி ஒத்தக் கண்ணோட ஓடுது" என்றான். அப்பாவின் வயதுக்கு ஒரு 'சார்' போட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போல. அபராதச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்தான், அப்பா மடித்துப் பைக்குள் வைத்தார், அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் போகவில்லை, வண்டியைச் சுற்றி வந்து பின்பக்கம் நின்றான். அப்போது அப்பா என்ன செய்தார் தெரியுமா, நாம் எல்லாரும் செய்வதையேதான் செய்தார். இறங்கிப் போய் ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். அவன் கேட்கவே இல்லை. சட்டையில் பேட்ஜ் குத்தியவர் பக்கத்தில் வந்து நின்றால் மீன்காரன் கை தானாக மூடிக்குப் போய்விடும், மீன்வளக் காவலர் மீனை அளக்க வேண்டும், தாமதித்தால் பிடிக்கக் கூடாத சின்ன மீனை ஒளிக்கிறான் என்று நினைப்பார். உனக்கும் எனக்கும் நடை பழகும் முன்பே அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

ட்ரவிஸ் ஐஸைக் கிளறிப் பார்த்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், அதுல கெளுத்தி தவிர வேற குற்றவாளி இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. பெட்டியை மூடாமலே படுதாவை விலக்கி, வண்டி ஓரத்தில் இருந்த கருவிப்பெட்டியை இழுத்துத் திறந்தான். ஸ்பேனர்களுக்கு அடியில் ஒரு பச்சைத் துண்டு, துண்டுக்குள் ஒரு கைத்துப்பாக்கி.

இருபது வயதில் யாருடனோ சேர்ந்து படகு மோட்டார் திருடி உள்ளே போய்வந்த அப்பா, சட்டப்படி சாகும்வரை துப்பாக்கி பக்கமே இருக்கக் கூடாது, இருந்தாலே மறுபடி சிறை என்பது உனக்குத் தெரியும். அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை அண்ணா. துண்டைத்தான் பார்த்தார். அது நம் சமையலறைத் துண்டு. பிறகு என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாதே என்று கண்ணாலேயே சொன்னார். யாரும் கேட்காமலே மூடியைத் திறந்த மனுஷன் வாயை மட்டும் யார் கேட்டும் திறக்கவில்லை. "யாருது இது?" என்று ட்ரவிஸ் கேட்டான், "தெரியாது" என்றார், கையில் விலங்கு மாட்டும்போதும் அதையே சொன்னார். நான் தனியாக வண்டிக்குள் உட்கார்ந்து ஐஸ் உருகிச் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், மாமா வந்து என்னை அழைத்துப் போகும்வரை ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை. மாமா தன் வீட்டை ஈடு காட்டி அப்பாவை ஜாமீனில் எடுத்தார், அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் "என் கூரைக்கு நாலு சக்கரம் மாட்டி எங்க அத்தான் ஓட்டிக்கிட்டிருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அரசாங்கம் கொடுத்த வக்கீல் மிஸ் டுவால், மெலிந்த பெண், அவளை விட அவள் கைப்பை பெரிது. அவள் நம் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னது இதுதான். விளக்கு எரியாததற்கு நிறுத்தியது சரி. சீட்டைக் கொடுத்தபிறகு வண்டியைக் குடைய வேண்டுமென்றால் நீதிபதியின் உத்தரவு வேண்டும், இல்லையென்றால் குற்றம் நடந்திருக்கிறது என்று நம்ப ஒரு காரணம் வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வண்டிக்காரரின் சம்மதம் வேண்டும். "போலீஸ் தரப்புல சம்மதம்னு சொல்றாங்க. உங்க கணவரே திறந்து காட்டினாராம். அப்படித் தேடினது தப்புன்னு நீதிபதி சொல்லிட்டா துப்பாக்கி வழக்குல இருக்காது, துப்பாக்கி இல்லன்னா வழக்கும் இல்ல." அம்மா கேட்டாள், "திறக்காம நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?" மிஸ் டுவால் கைப்பையின் வாயை மூடினாள். "சட்டப்படி ஒன்னும் ஆகியிருக்கக் கூடாது" என்றாள். "சட்டப்படியா" என்று அம்மா திரும்பச் சொன்னாள், அவ்வளவுதான். நம்மைப் போன்றவர்கள் இருட்டிய சாலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும், மிஸ் டுவாலுக்கும் தெரிந்திருந்தது.

நேற்று காலை நீதிமன்றத் தாழ்வாரத்தில் இன்னொரு ஆபத்து. குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறைந்த தண்டனை என்று அரசுத் தரப்பு வக்கீல் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா உடனே, "ஒத்துக்கிறேன், முடிச்சுக்கலாம்" என்றார். விசாரணை நீண்டால் துப்பாக்கி யாருடையது என்று தோண்டுவார்கள், அதுதான் அவர் பயம், தன் தண்டனை இல்லை. அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கேக்காமலே திறந்து காட்டினது போதாதா? இப்பக் கேட்டவுடனே உங்களையே தூக்கிக் குடுக்கறீங்களா? உள்ள வாங்க." தையல் பிரிந்து கைக்கட்டுத் துணியில் ரத்தம் கசிந்தது, அவள் பார்க்கவே இல்லை.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். கேட்டதற்கு மட்டும் பதில், நகைச்சுவை கூடவே கூடாது என்று மிஸ் டுவால் எச்சரித்திருந்தாள். "வண்டியைச் சோதிக்க உன் அப்பா எப்போதாவது சரி என்று சொன்னாரா?" என்று நீதிபதி கேட்டார். "இல்லைங்க ஐயா. எங்கப்பா ஞாயித்துக்கிழமை பூசையிலதான் வாயத் திறப்பார், அதுவும் ஆமென் சொல்றதுக்கு." நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை, உண்மை அப்படி இருந்தால் நான் என்ன செய்ய.

பிறகு ட்ரவிஸ் ஏறினான். ஓவீட் தானாகவே முன்வந்து திறந்தார், அதனால் மற்றதையும் பார்த்தேன் என்று மனப்பாடமாகச் சொன்னான். மிஸ் டுவால் சத்தம் போடுவாள் என்று பார்த்தால், விருந்தாளியை விசாரிப்பதுபோல விசாரித்தாள். "நீங்க எங்க வளந்தீங்க?" "இங்கதான் மேடம், கீழ்ப்பக்கம்." "அப்பா என்ன வேலை?" "இறால் படகு." "மீன்வளக் காவலர் வந்தா உங்க அப்பா ஐஸ்பெட்டிய எப்பத் திறப்பார்?" ட்ரவிஸ் யோசிக்கவில்லை, "காவலர் வண்டிய விட்டு இறங்கறதுக்குள்ள நானே திறந்துடுவேன், இல்லன்னா அப்பாகிட்ட அறை விழும்" என்றான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "வேண்டாம்னு சொல்லலாம்னு உங்க அப்பா எப்பவாவது சொல்லிக்குடுத்தாரா?" "அப்படி ஒன்னு சொல்லலாம்னே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான், முதல்முறையாக. அவன் காது சிவந்துபோனது. "இல்ல மேடம். சொல்லிக்குடுக்கல" என்றான். பொய் சொல்லியிருக்கலாம் அண்ணா, சொல்லவில்லை. அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, பாதி மன்னித்திருக்கிறேன்.

நீதிபதி இடைவேளைக்கு எழுந்து போனார். நான் அம்மாவின் நல்ல கையைப் பிடித்திருந்தேன், அது ஐஸ்பெட்டியில் வைத்ததுபோல இருந்தது. நீதிபதி திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார், "பழக்கத்துக்குத் திறக்கிறது சம்மதம் ஆகாது. மீன் பெட்டியைக் காட்டினதாவே வச்சுக்குவோம், கருவிப்பெட்டியை யாரு காட்டினாங்க?" அரசு வக்கீல் எழுந்தார், கோப்பைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி துப்பாக்கியை வழக்கிலிருந்து நீக்கிவிட்டார். வழக்கையும் திரும்பப் பெறுவதாகப் பிற்பகலில் அரசு வக்கீலே சொல்லிவிட்டார். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார், போகலாம் என்று யாராவது சொல்ல வேண்டுமோ என்று காத்திருந்தார். மாமாதான் போய், "வாங்க அத்தான், என் வீட்டை என்கிட்ட குடுங்க" என்று தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

இனி அம்மா சொன்னது சொன்னபடி, நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. லியாண்டர், நீ கப்பலேறின அன்று பின்பக்கக் கொடியில் காயப்போட்ட துணிக்கு நடுவில் எந்தத் துண்டு காணாமல் போனது என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டு எழுதாதே, அதைப் படித்தால் உங்கப்பா சாப்பிடமாட்டார். அந்தப் பொருளைச் சொந்தக்காரர் ரசீதோடு ஷெரிஃப் அலுவலகத்துக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாமாம், நீ வராதே, அது அங்கேயே துருப்பிடிக்கட்டும். விடுப்பில் வந்தால் எங்களைப் பார்க்க மட்டும் வா. வெளியூரில் யாராவது நிறுத்தினால் கையை அவர்கள் பார்க்கும்படி வை, மரியாதையாகப் பேசு, பார்க்கலாமா என்று கேட்டால் மரியாதையாகவே வேண்டாம் என்று சொல், அப்படிச் சொல்லலாம் என்று நான் உனக்குச் சொல்லித்தரவில்லை, இப்போது சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் கூடவே இருக்கட்டும், உன் மேல் நிழலாக இருக்கட்டும்.

இன்னும் ஒன்று, இது என் பங்கு. வெளியே வந்ததும் படிக்கட்டில் மிஸ் டுவால் அப்பாவிடம் மெல்லக் கேட்டாள், "எல்லாம் முடிஞ்சிடுச்சு ஐயா, என்கிட்ட மட்டும் சொல்லுங்க, அது யாருது?" அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு "தெரியாதும்மா" என்றார். அது பொய். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சொன்னவள் உன் அம்மா அர்லீன்,
எழுதியவள் தங்கை ஜெர்மேன்