உள்ளே இருப்பவர்: ஒருவர்

மார்ச் 12, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கொட்டாஞ்சேனை ஒபீசில் கூட்டம். இருந்தவர்கள்: முதலாளி (அக்காவின் கணவர், அத்தான்), கிளார்க் ஷெரின், நான். வேறு ஒருவரும் இல்லை.

வெள்ளி காலை வெளிநாட்டுக் கம்பனி ஆட்கள் எங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பைச் சோதிக்க வருகிறார்கள். அதற்குள் சேர்வரில் கிடக்கும் தேவையில்லாத பழைய புரோகிராம்களைக் கழற்ற வேண்டும். முன்பு இது என் கணவர், இவருடைய வேலை. இவர் காணாமல் போய் இரண்டு வருடம். இவருடைய குறிப்புக் கொப்பியைப் பார்த்துப் பழகியவள் நான்.

நான்கு:
1. பெக்ஸ் (தொலைநகல்) அனுப்புவது
2. பழைய மெயில்
3. வீட்டிலிருந்து சேர்வருக்குள் வரும் வழி. கடவுச்சொல் கம்பனியின் பெயரேதான். சிவ சிவா.
4. வரவுப் பதிவு. இவர் எழுதியது. வந்தால் "உள்ளே", போனால் "வெளியே" அமத்த வேண்டும். போன வருடம் புதியது வந்துவிட்டது.

கொப்பியில் இவருடைய விதி: முதலில் நிறுத்து. மூன்று நாள் ஒருவரும் கேட்காவிட்டால் கழற்று. நான்கையும் நிறுத்தினேன்.

ஷெரின்: "என்னையும் மூணு நாள் நிப்பாட்டிப் பாருங்க அக்கா. ஒருத்தரும் தேட மாட்டாங்க." பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

மார்ச் 13, செவ்வாய்

மழை. சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். ஐ.சி. (அடையாள அட்டை) காட்டினேன். அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன். நான் சைவக்காரிதான், ஆனால் செவ்வாயில் எல்லாச் சமயத்தாரும் அங்கே போவது.

பத்து மணிக்கே அத்தான்: "பெக்ஸுக்கு என்ன நடந்தது?" திரும்பப் போட்டேன். மற்ற மூன்றையும் யாரும் கேட்கவில்லை.

மார்ச் 14, புதன்

கழற்ற முன் பழைய வரவுகளை அச்செடுத்து வைக்க வேண்டுமாம். நான்காவதைத் திறந்தேன். அச்சு வரவில்லை. திரையில்: "ஒருவர் உள்ளே இருக்கிறார். வெளியேறிய நேரத்தைப் பதியவும்."

இவருடைய பெயர். காணாமல் போன அன்றைய தேதி. உள்ளே 8.02. வெளியே, வெறுமை.

அத்தானிடம் சொன்னேன்.

"அஞ்சு மணி எண்டு போடு பிள்ளை. எல்லாரும் போறது அப்பதானே."

"அண்டைக்கு வாசலுக்கு முன் மேசையில இருந்தது நீங்கள்தானே, அத்தான்."

"இப்ப ஏன் அந்தக் கதை?" கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று மணிகூட ஆகவில்லை.

பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி கைப்பையில்தான். "வேலைத்தலத்திலிருந்து புறப்பட்ட நேரம்: தெரியாது." அதையும் எழுதிக் கொடுத்தது அத்தான்.

அழுகை வரவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவினேன்.

மார்ச் 15, வியாழன்

வெயில். மெயிலும் மூன்றாவதும் கழற்றியாயிற்று. நான்காவது அப்படியே. ஐந்து மணி என்று இரண்டு தரம் தட்டி, இரண்டு தரமும் அழித்தேன். என் கையால் எழுதிய எந்தக் கொப்பியிலும் பொய் இல்லை.

அத்தான் மேசையில் துண்டுக் கடிதம் வைத்தேன். அதன் நகல்:

"அத்தான், இவர் அன்று எத்தனை மணிக்கு வெளியே போனார்? யாருடன்? புரோகிராம் கேட்பது நேரம் மட்டும். மற்றது நான் கேட்பது. நாளை அவர்கள் வர முன் பதில் தரவும்."