விரிசல் மேல் ஒட்டிய காகிதம்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். லிங்கராஜபுரத்திலிருந்து ஹெப்பகோடி ஆபீசுக்கு இரண்டு பஸ், இரண்டே கால் மணி நேரம். உட்கார இடமில்லை, இறங்கவும் வழியில்லை.

நிலநடுக்கத்தில் சேதமான ஒரு மலை நகரத்து வீடுகள்தான் இன்றும். நான் பார்ப்பது போட்டோ மட்டும், பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் போட வேண்டும். பச்சை போட்டால் வீட்டுக்குத் திரும்பலாம். மஞ்சள், பழுது பார்த்துக்கொண்டே குடியிருக்கலாம். சிவப்பு, இடிக்க வேண்டும். புது வீடு கட்டும்வரை இப்போதிருக்கும் கூடாரம்தான். இன்று 64 வீடு. கண் எரிகிறது.

வாங்க வேண்டியது: அப்பாவுக்கு இன்ஹேலர், கோதுமை மாவு, குடை (பழையதில் கம்பி போச்சு).

ஜூலை 9, புதன்
மேகமூட்டம். ஒரு வீடு மனதை விட்டுப் போகவில்லை. சமையலறைச் சுவரில் மூலைக்கு மூலை விரிசல். வீட்டுக்காரர் குறிப்பு எழுதியிருந்தார்: அம்மா படுத்த படுக்கை, கூடாரம் ஒழுகுகிறது, தயவுசெய்து சிவப்பு போடாதீர்கள்.

விரிசலுக்குக் குறுக்கே வெள்ளைக் காகிதத் துண்டு. கிழியவில்லை. பார்த்ததும் சின்ன வயதில் இருந்த தங்கவயல் ஞாபகம். சுரங்கத்தில் பாறை வெடித்து எங்கள் தொழிலாளர் லைன் வீடு குலுங்கினால், மறுநாளே அப்பா விரிசல் மேல் மைதாப் பசையில் காகிதம் ஒட்டுவார். ஒரு வாரம் பார்ப்பார். "காயிதம் கிழியல, செவுரு அடங்கிடுச்சு. தூங்குங்க." தூங்குவோம்.

மஞ்சள் போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக ஒரு வேலை.

ஜூலை 11, வெள்ளி
கேன்டீனில் பிசிபேளே பாத், உப்பு கரித்தது. பக்கத்து சீட் கவிதாவிடம் காகிதக் கதையைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, அது சர்வே ஆளுங்க ஒட்டுற நம்பர் சீட்டு. போட்டோ எடுக்கறப்போதான் ஒட்டுவாங்க."

ஓடிப்போய்ப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் எண். பசை இன்னும் ஈரம். முட்டாள். முட்டாள்.

டீம் லீடர் மஞ்சுநாத்திடம் சொன்னேன், சிவப்பாக்க வேண்டும் என்று. "பேடாம்மா, வேணாம். லிஸ்ட் போயாச்சு. ஒண்ணைத் தொறந்தா மொத்தத்தையும் திருப்பி செக் பண்ணுன்னுவாங்க. மஞ்சள்தானே, ரிப்பேர் பண்ணிப்பாங்க விடு."

வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் நேராக எழுதக் கூடாது. எழுதினால் வேலை போகும். அப்பாவின் நுரையீரல் வைத்தியம் நடப்பது ஆபீஸ் இன்சூரன்ஸில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஜூலை 12, சனி
லீவு. துணி காயவில்லை. அப்பா: "இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?" தலைவலி என்றேன். வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது. தெருமுனை வரை போய் நின்றேன், அங்கேயும் அப்படித்தான். அவர் காகிதத்தை நம்பியது சரி. அவர் ஒட்டியது, அவரே காவல் இருந்தது. நான் யாரோ ஒட்டியதை நம்பினேன்.

ஜூலை 14, திங்கள்
வெயில். அந்த வீட்டிலிருந்து ஆபீசுக்குப் புது போட்டோ வந்திருந்தது. தரை கழுவியிருக்கிறது. வீட்டுக்காரர் அடுப்பு பற்றவைக்கிறார். அவர் அம்மாவின் கட்டில் அந்த விரிசல் சுவரை ஒட்டி. கீழே ஒரு வரி: நன்றி.

மதியம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்காரரின் படிவத்திலிருந்த நம்பருக்கு என் போனிலிருந்து எழுதினேன். நான் தவறு செய்துவிட்டேன், அந்தச் சுவர் நிற்காது, இன்றே வெளியே வந்துவிடுங்கள். தைரியமெல்லாம் இல்லை. இரண்டு முறை அழித்து எழுதித்தான் அனுப்பினேன்.

நாலு மணிக்குப் பதில்: மஞ்சள் வந்த அன்றே எங்கள் கூடாரத்தை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கே போக?